கட்டி கண்ட நாள் முதல்

(மருங்காபுரி வட்டார மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குப் ‘புற்றுநோய் விழிப்புணர்வு’ என்னும் தலைப்பைத் தந்தனர். அது கடல் போன்ற தலைப்பு. அதைச் சற்றே சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். ஒரு பெண் தன் மார்பில் கட்டி ஒன்றைக் கண்ட நாளுக்கும், அவளுக்கு முறையான சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே கழியும் காலத்தைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன். அரசு மருத்துவப் பணியில் நான் இருந்த ஆண்டுகளில், நோயின் கொடுமையால் இழந்த பெண்கள் உண்டு. ஆயினும் அந்த இடைக்காலத்தால் இழந்தவர்களே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு அளித்துள்ள மதிப்பீட்டின்படி, உலகெங்கும் அவ்வாண்டில் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 6 லட்சத்து 70 ஆயிரம் பேர். இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம். இறந்தோர் ஏறத்தாழ 98 ஆயிரம். இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உலகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் இறப்பு, நம் நாட்டுக் கணக்கில் பாதியைத் தொடுகிறது. அங்குள்ள அறுவைக் கத்தியே இங்கும் உள்ளது. மருந்துகளும் பெரும்பாலும் அவையே. நம் மருத்துவர்கள் திறமையில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், கட்டி மார்பகத்தைக் கடந்து அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்கோ தோலுக்கோ அதற்கு அப்பாலோ பரவிய பின்னரே மருத்துவமனைப் படியேறுகின்றனர். வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இப்பகுதிக்கு அண்டையில் உள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் போராடியவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் அவரை அறிவோம். அவருடைய தங்கை 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். அந்நோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்று மருத்துவர்கள் கணித்திருந்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துயரத்தை அவர் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்து சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தைக் கற்று வந்தார்; 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். மக்களிடம் நிதி திரட்டினார். அடையாற்றில் 1952-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை பிறந்தது. கேட்ட ஆண்டுக்கும் கிடைத்த ஆண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள். இடையில் நாடு விடுதலையே பெற்றுவிட்டது! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்த வரலாறு நீண்டது. அதை வேறொரு நாளில் சொல்ல வேண்டும்.

இங்கு நான் சுட்ட விரும்புவது ஒன்றே. முத்துலட்சுமி அம்மையார் மருத்துவம் செய்தார். அத்தோடு கேட்கவும் செய்தார். அரசிடம் கேட்டார், செல்வரிடம் கேட்டார், பெண்கள் சங்கங்களிடம் கேட்டார். நோயாளிக்காகக் கேட்பதும் மருத்துவத்தின் ஒரு கூறு. பெண் ஒருவர் எழுந்து பேசுவது இந்த ஊருக்கும் புதிதன்று. திருக்குறளுக்கு விளக்கம் எழுதிய ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி வாழ்ந்த ஊரல்லவா இது!

இனி, அறக்கட்டளையின் பெரியோர்களிடம் சற்று உரிமையோடு பேசுகிறேன். ஆகார தானம், ஔடத தானம், ஞான தானம், அபய தானம் என்று நான்கு தானங்களைச் சமணப் பெரியோர் வகுத்துள்ளனர். அவற்றுள் ஔடத தானத்தைக் கைவிடாது போற்றி வருபவர்கள் நீங்கள். கண் சிகிச்சை முகாம்களும், செயற்கைக் கால் பொருத்தும் முகாம்களும் நடத்தி எத்தனையோ பேரின் வாழ்வைத் திருப்பித் தந்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தினால்தான் மார்பகப் புற்றுநோய்க்கும் ஒரு முகாம் நடத்தலாம், படம் எடுக்கும் கருவி பொருத்திய பேருந்து ஒன்றை வரவழைக்கலாம் என்னும் யோசனை உங்களிடையே எழுந்திருக்கிறது. நல்ல மனத்தில் பிறந்த யோசனை அது. ஆயினும் அதை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

கண்புரை முகாமில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் புரை தெரிகிறது. அன்று மாலையோ மறுநாளோ வண்டியில் ஏற்றிச் சென்று அறுவை செய்து, வில்லை வைத்து, சொட்டு மருந்து கொடுத்து வீட்டில் இறக்கிவிடுகிறார்கள். கண்டதும் தீர்த்ததும் ஏறத்தாழ ஒரே மூச்சில் முடிகின்றன. மார்பகக் கட்டியின் கதை வேறு. முகாமில் கட்டி தென்பட்டால் அன்று எதுவும் தீர்வதில்லை. அன்றுதான் எல்லாமே தொடங்குகிறது. அது சாதாரணக் கட்டியா, புற்றா என்று அறிய ஒலி அலைப் படம் வேண்டும். நாற்பதைக் கடந்தவராயின் பெரும்பாலும் மேமோகிராம் என்னும் ஊடுகதிர்ப் படமும் வேண்டும். ஊசியால் சிறு சதைத்துணுக்கு எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். புற்று என்று உறுதியானால் அது ஹார்மோனுக்கு இணங்கும் வகையா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்த வகையா என்று மேலும் சோதிக்க வேண்டும். அதன் பிறகே அறுவையா, முதலில் மருந்தா என்று மருத்துவர் குழு முடிவு செய்யும். இந்த ஒவ்வொரு படியும் ஒரு பயணம். ஒரு நாள் கூலி. கணவரிடமோ மாமியாரிடமோ கேட்க வேண்டிய ஓர் அனுமதி.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓர் அம்மாள் வந்தார். வயது நாற்பத்தாறு. ஆடு மேய்ப்பவர். மஞ்சள் பைக்குள் ரேஷன் அட்டையோடு சேர்த்து ஒரு சீட்டை மிகப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கோ நடந்த ஒரு முகாமில் தந்த சீட்டு அது. ‘இடப்பக்கம் கட்டி, மேல் பரிசோதனைக்குப் பரிந்துரை’ என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன்; பதினொரு மாதம் கடந்திருந்தது. “ஏன் தாயே இத்தனை நாள்?” என்றேன். “வலி இல்லீங்களே அம்மா. மகளுக்கு மாசி மாதம் கல்யாணம் வெச்சிருந்தோம். அதுக்கப்புறம் யாராச்சும் கூட வந்தா போகலாம்னு இருந்தேன்” என்றார். முகாம் அவருடைய நோயைச் சரியாகவே கண்டது. அவரும் சீட்டைத் தொலைக்கவில்லை. எந்த மருத்துவமனை, எந்த நாள், யாரைப் பார்ப்பது, யார் உடன் வருவார் என்ற நான்கும் அதில் இல்லை. அவ்வளவுதான். அவர் வந்தபோது தோல் ஆரஞ்சுத் தோல் போல் தடித்து, அக்குளிலும் முடிச்சுகள் திரண்டிருந்தன.

‘வலி இல்லை’ என்றாரே, அதைச் சற்று நின்று கேளுங்கள். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் அது தீங்கற்றது என்று நம் தாய்மார்கள் ஆறுதல் கொள்கின்றனர். மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றிய கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து தானாகக் கசியும் இரத்தம் கலந்த நீர், தோலில் குழிவு, ஆறாத புண், ஒரு மார்பின் வடிவில் புதிதாகக் கண்ட மாற்றம் ஆகியவற்றில் எதுவாயினும் காட்டிவிட வேண்டும். பத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் கூடவே சொல்கிறேன். காட்டுவதற்கு அஞ்ச வேண்டாம் என்பதற்காக. ‘கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கோபித்துக்கொள்ளும்’ என்றொரு பேச்சு நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. ஊசிச் சோதனையால் புற்றுநோய் பரவி உயிர் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முற்றிய பின் கத்தி பட்டவர்கள் இறந்ததைப் பார்த்து, கத்தியின் மேல் பழி போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு முன்கூட்டியே கண்டறிவது? இதில் ஆராய்ச்சி சொல்வதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனத்தின் ஷாங்காய் நகரில் நூற்பாலைப் பெண்கள் 2 லட்சத்து 66 ஆயிரம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு மார்பகத்தைத் தாமே முறைப்படி தடவிச் சோதிக்கும் வழியைக் கவனமாகக் கற்பித்தனர். 2002-இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: கற்றவர்களிடையே இறப்பு குறையவில்லை; தீங்கற்ற கட்டிகளுக்கான சதைச் சோதனைகள்தாம் கூடின. ஆகவே மாதந்தோறும் சடங்கு போல் சோதித்துக்கொண்டால் போதும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் உடல் இயல்பாக எப்படி இருக்கும் என்று அறிந்திருங்கள். மாற்றம் தெரிந்தால் மறைக்காதீர்கள். அது போதும்.

மற்றோர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. நமக்கு மிகவும் உரியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, அந்நகரில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி 20 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தது. ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தனர். மருத்துவர் அல்லர், இயந்திரமும் இல்லை; பயிற்சி பெற்ற கைகள் மட்டுமே. 2021-இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள் 37 சதவீதம். மற்றப் பிரிவில் 47 சதவீதம். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் இறப்பில் காணப்பட்ட 15 சதவீதக் குறைவு, புள்ளியியல் நோக்கில் உறுதி என்று கொள்ளத்தக்கதாக இல்லை. ஆனால் 50 வயதைக் கடந்த பெண்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, அது உறுதியானது. இலட்சக்கணக்கில் செலவாகும் பேருந்து இல்லாமலே இது இயலும். அந்த ஆய்வில் கட்டி தெரிந்த பெண்ணைப் பின்தொடரும் ஏற்பாடும் உடன் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்தது மட்டுமே பலன் தரவில்லை.

மார்பகத்தையே எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பல பெண்களை வாய் திறக்க விடாமல் செய்கிறது. அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குள் முடிச்சுகள் அனைத்தையும் அகற்றுவர். பல பத்தாண்டுகள் அதுவே விதியாக இருந்தது. பெர்னார்டு ஃபிஷர் என்ற மருத்துவர் அதைக் கேள்வி கேட்டார். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தருவதும், முழு மார்பகத்தையும் எடுப்பதும் உயிர் காப்பதில் சமமே என்று அவர் தலைமையில் நடந்த ஆய்வு 1985-இல் காட்டியது. 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்த போதும் அம்முடிவு மாறவில்லை. அந்த மாற்றம் மருத்துவர்களால் மட்டும் வந்ததன்று. ‘மயக்கத்திலிருந்து விழிக்கும்போது மார்பு இருக்குமா என்பது எனக்கு முன்பே தெரிய வேண்டும்’ என்று வாதாடிய பெண்களும் அதில் இருந்தனர். 1991-இல் அமெரிக்காவில் நோயுற்ற பெண்களும் அவர்தம் குடும்பத்தாரும் கூட்டணி அமைத்தனர். மறு ஆண்டே அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வரவுசெலவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கென்று 21 கோடி டாலரைப் பெற்றுத் தந்தனர். எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று முடிவு செய்யும் மேசையில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்ட பெண்களும் அமரும் வழக்கம் அதிலிருந்து வேர்கொண்டது. அக்டோபரில் இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்வதைவிட இந்த நாற்காலி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் நாட்டிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஹெர்-2 மிகுந்த வகை நோய், மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அதற்கான டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து பல்லாயிரம் ரூபாய் விலையில் இருந்தது. ஓராண்டு சிகிச்சைக்கு நிலத்தை விற்றாலும் போதாது. 2012-இல் பெண்கள் அமைப்பினரும் நோயாளிகளின் குடும்பத்தாரும் சேர்ந்து விலைக் குறைப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். கட்டாய உரிமம் வழங்குவதை அரசு பரிசீலித்தது. 2013-இல் ரோஷ் நிறுவனம் அம்மருந்தின் இந்தியக் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. அடுத்த ஆண்டே பெங்களூரின் பயோகான் நிறுவனம் தயாரித்த மாற்று மருந்து சந்தைக்கு வந்தது. பின்னர் அது விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இடம் பெற்றது. புதிய மருந்துகள் வரும்போதெல்லாம் இதே போராட்டம் மீண்டும் முளைக்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தில் ரைபோசிக்லிப் என்னும் மருந்தின் விலைக்காக வழக்காடிய பெண்மணி ஒருவர், தீர்ப்புக்கு முன்பே 2022-இல் இறந்துபோனார். நீதிமன்றம் அவ்வழக்கைத் தானாகவே ஏற்றுத் தொடர்ந்தது.

மருந்தின் விலையைப் பேசும் நாம் பயணத்தின் விலையைப் பேசுவதில்லை. துவரங்குறிச்சியிலிருந்து திருச்சிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். பரிசோதனைகளுக்கு ஐந்தாறு முறை; மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற ஆறு முதல் எட்டு முறை, இரத்தச் சோதனைக்காக அதற்கு முன்னும் ஒருமுறை; அறுவைக்கு ஒருமுறை; கதிர்வீச்சுக்குப் பதினைந்து நாள். கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்றுக்குக் குறையாது. போய்வரும் தூரம் குமரிமுனையிலிருந்து காஷ்மீர் செல்லும் தூரத்தை நெருங்குகிறது. நோயாளி தனியே போக முடியாது, ஆக, இருவர். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்கு உரியது. தொலைவூர்ப் பேருந்துக்கு அது செல்லாது. நோய் தெரிந்தும் பாதியில் சிகிச்சையை விட்டவர்களைக் கேட்டால், பலர் சொல்வது இந்தப் பேருந்துக் கணக்கைத்தான்.

அதனால் இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று, ஐந்து வாரம் தந்துவந்த கதிர்வீச்சை மூன்று வாரத்தில் 15 முறையாகத் தந்தாலும் பலன் குறையாது என்று காட்டிற்று. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தக்கவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 முறை தந்தாலும் போதும் என்றது. இயற்பியல் வல்லுநர்களுக்கு அது கதிர்வீச்சின் அளவு பற்றிய செய்தி. நமக்கு அது பத்துப் பேருந்துப் பயணங்கள். இன்னொன்று டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் 1,600 பெண்களிடம் நடந்தது. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகைன் என்னும் மரத்துப்போகும் ஊசியைப் போட்டனர். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அந்த வகை ஊசிதான். ஊசி போட்டவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தோர் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். 2023-இல் வெளியான இம்முடிவை மற்ற நாடுகளும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்போர் உண்டு, அது முறையே. ஆனால் ஏழை நாட்டின் தேவையிலிருந்து பிறந்த கேள்வி அது என்பதில் எனக்குப் பெருமை.

அரசு செய்யாதது என்று எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பில் நோயாளிக்கு முழுவதுமே இலவசம். இருந்தும் 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேரைக்கூட எட்டவில்லை. நாடு முழுவதற்கும் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திட்டம் இருக்கிறது, கதவு திறந்திருப்பதை யாரும் போய்ச் சொல்லவில்லை. சொன்னாலும், ஆண்கள் நடமாடும் கூடத்தில் திரை இல்லாத அறையில் மேலாடை நெகிழ்க்க எந்தப் பெண் இசைவாள்?

2025 பிப்ரவரியில் மத்திய அரசு, மூன்றாண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தது. நம் மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை மணப்பாறையில் இருக்கிறது. இங்குள்ள பெண்கள் மருந்து ஏற்றிக்கொள்ளத் திருச்சிக்குப் போகாமல் மணப்பாறையிலேயே, வாரத்தில் குறித்த நாளில், பயிற்சி பெற்ற செவிலியரின் கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதை நாம் கேட்க வேண்டும். சிகிச்சை முடித்த பெண்களே கையொப்பமிட்டு, ஊராட்சி மன்றத்தில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரில் தர வேண்டும். மருத்துவர் எழுதும் கடிதம் கோப்பில் உறங்கும். இருபது பெண்கள் நேரில் வந்து நின்றால் உறங்காது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில் மூன்று அளவுகோல்களை வைத்துள்ளது. நோயாளிகளில் குறைந்தது 60 சதவீதத்தினரைத் தொடக்க நிலையில் கண்டறிய வேண்டும். முதன்முதலாக மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதி செய்ய வேண்டும். 80 சதவீதத்தினராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். நடுவில் உள்ள அந்த 60 நாளைத்தான் உங்கள் அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். பேருந்தை வரவழைக்கும் பணத்தில் ஒரு பெண் பணியாளரை ஓராண்டுக்கு அமர்த்தலாம். சுகாதார நிலையத்திலோ வேறெங்கோ கட்டி என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பெயரும், அவள் இசைவோடு, அவரிடம் வரட்டும். அவர் வீட்டுக்குச் சென்று பேசட்டும், நாள் குறிக்கட்டும், உடன் பேருந்தில் ஏறட்டும், காப்பீட்டு அட்டை இல்லையேல் வாங்கித் தரட்டும். இருவருக்கான பேருந்துக் கட்டணமும், அன்றைய சாப்பாடும், இழந்த கூலியில் ஒரு பங்கும் அறக்கட்டளையின் பொறுப்பு. திருச்சியில் உங்கள் அன்பர்கள் சத்திரமோ விடுதியோ வைத்திருந்தால், அதில் இரண்டு அறைகளைக் கதிர்வீச்சுக்கு வருபவர்களுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு இருந்தால் நம் பெண்கள் எங்கும் தங்கிவிடுவார்கள்.

ஒரு பதிவேடு வேண்டும். அதில் பெயரை வெளியே தெரியாதபடி எண்ணாகக் குறித்து, கட்டி கண்ட நாள், மருத்துவரைக் கண்ட நாள், சதைச் சோதனை முடிவு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், முடித்த நாள் என ஐந்து கட்டங்கள் இருந்தால் போதும். ஆண்டு முடிவில் ‘இத்தனை பேர் முகாமுக்கு வந்தனர்’ என்று விழா மலரில் அச்சிடும் வழக்கத்தை விட்டு, 60 நாளுக்குள் முடிவு அறிந்தவர்கள் எத்தனை பேர், அறியாதவர்கள் ஏன் அறியவில்லை என்று அச்சிடுங்கள். எண் சிறியதாக இருக்கும். ஐந்து பேராகவோ பத்துப் பேராகவோ இருக்கலாம். நன்கொடையாளர்கள் முகம் சுளித்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்நோய் நூற்றில் ஒருவர் என்ற அளவில் ஆண்களுக்கும் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதைவிட, மனைவி தயங்கித் தயங்கிச் சொல்லும்போது ‘அறுவடை முடியட்டும்’ என்று சொல்லிவிடாதீர்கள். உடன் சென்று மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருப்பதே பாதி மருந்து. அபய தானம் என்று பெரியோர் சொன்னதில் அதுவும் அடங்கும் என்பது என் துணிபு. நூல் கற்றவர்கள் வேறு சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

நேரம் கடந்துவிட்டது. பின்கட்டில் இருக்கும் அறையில் திரை கட்டி வைத்திருக்கிறார்கள். பெண் மருத்துவர் ஒருவரும் செவிலியர் இருவரும் மாலை ஆறு மணி வரை அங்கே இருப்பர். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. முன்பே எங்கேனும் சீட்டுத் தந்திருந்தால் மட்டும், எத்தனை பழையதாயினும், அதை எடுத்து வாருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.